ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி வைப்பதா, பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடையில் போடுவதா?

கேள்வி: எங்கள் வீடு குலசேகரத்துக்குப் பக்கம். கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் தென்னை உண்டு. என் மாமியார் ஒரு பிளாஸ்டிக் சாமானையும் வெளியே விடமாட்டார். எண்ணெய் பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா, பெயின்ட் வாளி, பால் கவர் எல்லாம் கழுவி மச்சில் ஏறிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள கவரை வெந்நீர் வைத்துக் கழுவுகிறார். கழுவ முடியாததை முற்றத்து வெந்நீர் அடுப்பில் போட்டுத் தீ மூட்டுகிறார். என் கணவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ‘கழுவுகிற காஸ், ஏற்றிக்கொண்டு போகிற லாரி, உருக்குகிற கரண்டு எல்லாம் சேர்த்தால் புதுசு செய்வதைவிட அதிகம் ஆகும். பேசாமல் குப்பையில் போடு’ என்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோ, ‘ஸ்டீல் பாட்டில் செய்ய மட்டும் எரிசக்தி ஆகாதா?’ என்று கேட்கிறாள். ரப்பர் மரத்தில் மழைக்குக் கட்டும் பிளாஸ்டிக்கை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. யார் சொல்வது சரி?
வாசகி, குலசேகரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தொழிற்சாலைகளில் எரிசக்தித் தணிக்கை செய்வது என் வேலை. ஒரு கிலோ சரக்கு வெளியே வருவதற்குள் எத்தனை யூனிட் கரண்டு போனது, எத்தனை லிட்டர் டீசல் எரிந்தது, எந்த இடத்தில் வீணானது என்று பார்த்து எழுதிக் கொடுப்போம். உங்கள் அடுக்களைக்கும் அதே கணக்கைப் போடலாம். போட்டுப் பார்த்தால் மாமியார் பெரும்பாலும் சரி. கணவர் ஓரிடத்தில் சரி. மகள் கேட்டதுதான் எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி. அந்த வெந்நீர் அடுப்பை மட்டும் எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. இன்றைக்கே நிறுத்தவேண்டியது அது.

எல்லோருக்கும் பழகிய மின்சார யூனிட்டிலேயே சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய ஒன்பதரை யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது. டீசலில் பத்து. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ காஸ் சிலிண்டரில் சுமார் 180 யூனிட். இனி பிளாஸ்டிக்குக்கு வருவோம். கச்சா எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் ஒரு கிலோ பாலித்தீனோ பாலிபுரொப்பிலீனோ செய்து முடிக்க ஏறக்குறைய 22 யூனிட் ஆகிறது. இதில் பாதிக்கு மேல், சுமார் 12 யூனிட், அந்தப் பிளாஸ்டிக்கின் உடம்பிலேயே எண்ணெயாகத் தங்கியிருக்கிறது. மீதி, அதைக் காய்ச்சிப் பிரித்து, பிணைத்து, குருணையாக்குவதில் செலவாகிப் போனது. அந்தக் குருணையை வாளியாகவோ பாட்டிலாகவோ வார்க்க இன்னும் கொஞ்சம் கரண்டு வேண்டும்.

இப்போது மச்சில் இருப்பதை ஒவ்வொன்றாக எடையாகப் பாருங்கள். மெல்லிய கேரி பேக் ஐந்து கிராம் இருந்தால் அதில் 0.11 யூனிட், ஒன்பது வாட் எல்.ஈ.டி. பல்பு பன்னிரண்டு மணி நேரம் எரியும். அரை லிட்டர் பால் கவர் மூன்று நான்கு கிராம்தான் வரும். நாற்பது கிராம் ஐஸ்கிரீம் டப்பா ஏறக்குறைய ஒரு யூனிட். தண்ணீர் பாட்டில் பெட் பிளாஸ்டிக். ஊதிச் செய்யும் செலவையும் சேர்த்தால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அரை யூனிட்டுக்கு மேல். ஒரு கிலோ எடையுள்ள பெயின்ட் வாளி 22 யூனிட்டுக்குக் குறையாது. இரண்டரைக் கிலோ பிளாஸ்டிக் நாற்காலி என்றால் 55 யூனிட்டைத் தாண்டும்.

இந்தச் செலவு முழுவதும் அந்தச் சாமான் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துபோனது. நீங்கள் கழுவினாலும் கழுவாவிட்டாலும், ஆற்றில் விட்டாலும் அடுப்பில் வைத்தாலும், அந்த 22 யூனிட்டைச் செலவழித்தாயிற்று. அடுத்த 22 யூனிட்டைச் செலவழிக்காமல் இருக்க முடியுமா என்பது ஒன்றுதான் இனி நம் கையில் இருக்கிறது.

அதனால்தான் மறுபயன்பாடு முதலிடத்தில் நிற்கிறது. பெயின்ட் வாளியைக் கழுவி, தோட்டத்துக்குத் தண்ணீர் கோர வைத்துக்கொண்டால் புது வாளி ஒன்று வாங்கவேண்டியதில்லை. 22 யூனிட் நேராக மிச்சம். கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு ஆயிரம் லிட்டர் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்ற, கிணறு ரொம்ப ஆழம் இல்லையென்றால், அரை யூனிட்கூட ஆகாது. அந்த வாளியைக் கழுவிய தண்ணீரின் செலவு கணக்கிலேயே வராது. பச்சைத் தண்ணீரில் கழுவும் எதற்கும் உங்கள் கணவர் கவலைப்படவேண்டாம்.

ஆனால் வெந்நீர் வேறு. மூன்று லிட்டர் தண்ணீரை நாற்பது டிகிரி கூட்ட, அடுப்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்து, 0.2 யூனிட்டுக்குச் சற்று மேல் காஸ் எரியும். ஐந்து கிராம் கவர் ஒன்றில் இருப்பதே 0.11 யூனிட். அப்படியானால் ஒரு கவரைக் காப்பாற்ற இரண்டு கவருக்கான எரிபொருளை எரிக்கிறார் உங்கள் மாமியார். கணவர் சரி என்று சொன்னேனே, அது இந்த இடம். மீன் கறி, எண்ணெய்ப் பலகாரம் கட்டி வந்த கவர்களுக்கு வெந்நீர் போடவேண்டாம். பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் ஒருமுறை அலசி, கொடியில் போட்டு உலர்த்தினால் போதும். அதற்கும் பிசுக்கு விடவில்லையா, விட்டுவிடுங்கள். டப்பா, பாட்டில், வாளி என்று எடை உள்ளவற்றுக்கு எப்போதாவது வெந்நீர் போட்டாலும் நட்டம் இல்லை.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. எடுத்து வைப்பதால் மட்டும் எரிசக்தி மிச்சமாவதில்லை. அந்த டப்பா இருப்பதால் நீங்கள் இன்னொரு டப்பா வாங்காமல் இருந்தால்தான் மிச்சம். உப்பு, புளி, கருப்பட்டி, வத்தல் வைக்க எத்தனை டப்பா வேண்டுமோ அத்தனை போதும். அதற்கு மேல் மச்சில் அடுக்கியிருப்பது எல்லாம் வெயிலிலும் சூட்டிலும் நொறுங்கும் வரை காத்திருக்கிற மூலப்பொருள். நொறுங்கிய பிறகு மறுசுழற்சிக்கும் அதன் மதிப்பு குறைந்துவிடும். நல்ல நிலையில் இருக்கும்போதே ஆக்கர் கடைக்கு அனுப்பிவிட்டால் இன்னொரு சாமானாகப் பிறக்கும்.

எதை எதற்குத் திரும்பப் பயன்படுத்துவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவைக் கவிழ்த்தால் அடியில் முக்கோணக் குறிக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில் வகை. இது எழுபது எழுபத்தைந்து டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சூடான எதையும் ஊற்றக்கூடாது. 2 என்பது கெட்டிப் பாலித்தீன், 5 என்பது பாலிபுரொப்பிலீன். ஐஸ்கிரீம் டப்பா பெரும்பாலும் 5. இந்த இரண்டும் உழைக்கும் சாதி. 3 என்றால் பி.வி.சி.; 6 என்றால் தெர்மாகோல் வகை. இவற்றைச் சாப்பாட்டுக்குத் திரும்ப எடுக்கவேண்டாம். பூச்சிமருந்து வந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கோ தீவனத்துக்கோ எடுக்கவே கூடாது. மிச்சமாகும் எரிசக்திக்காக உடம்பைப் பணயம் வைக்கும் கணக்கை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, மறுசுழற்சிக்கு வருவோம். கணவரின் சந்தேகம் பலருக்கும் இருப்பதுதான். அதற்குப் பதில் சொல்ல, பழைய பிளாஸ்டிக்கைக் குருணையாக்கும் ஒரு பட்டறைக்குள் உங்களை அழைத்துப்போக வேண்டும்.

வாசலில் மூட்டை மூட்டையாகச் சரக்கு இறங்கும். முதலில் பெண்கள் உட்கார்ந்து கையாலேயே பிரிப்பார்கள். ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து நசுக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே இது எந்த வகை என்று சொல்லிவிடுவார்கள். மூடி ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம், லேபிள் ஒரு பக்கம் போகும். அப்புறம் அரவை இயந்திரம். சில்லுச் சில்லாக வெட்டி விழுந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். அங்கே நடப்பது அழகான வேலை. பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பெட்டும் பி.வி.சி.யும் கனம், மூழ்கும். கரண்டே இல்லாமல் தண்ணீரே பாதிப் பிரிவினையைச் செய்து கொடுத்துவிடுகிறது. மிதப்பதை வாரி, சுழற்றிப் பிழிந்து, உலர்த்தி, சூடேறிய நீண்ட உருளைக்குள் விடுவார்கள். உள்ளே திருகு சுற்றச் சுற்ற, 200 டிகிரி வாக்கில் உருகி, இடியாப்பம் போல இழை இழையாக மறுமுனையில் வரும். அந்த இழை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடி இறுகும். கடைசியில் கத்தி அதைக் குருணையாக நறுக்கும்.

இத்தனைக்கும் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்டு ஆகும். மீட்டரில் ஒரு யூனிட் ஓடினால் அனல்மின் நிலையத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்துக்கு நிலக்கரி எரிந்திருக்கும் என்பதால் மூன்று என்றே வைத்துக்கொள்வோம். கழுவுதல், உலர்த்துதல், வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து நான்கு ஐந்து யூனிட். புதிதாகச் செய்ய 22. அமெரிக்காவில் பிளாஸ்டிக் மறுசுழற்சியாளர் சங்கத்துக்காக 2018-ல் செய்த விரிவான கணக்கிலும் இதே போக்குதான் தெரிகிறது: புதிய பெட்டோடு ஒப்பிட்டால் மறுசுழற்சிப் பெட்டுக்கு 79 சதவீதம் எரிசக்தி குறைவு, பாலித்தீன், பாலிபுரொப்பிலீனுக்கு 88 சதவீதம் குறைவு.

லாரியைப் பற்றிக் கேட்டாரே, அதையும் பார்ப்போம். நாகர்கோவிலிலிருந்து மதுரை சுமார் 245 கிலோமீட்டர். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் லாரி அறுபது லிட்டர் டீசல் குடிக்கும், 600 யூனிட். நசுக்காத பாட்டில்களை உப்பலாக ஏற்றி இரண்டு டன்தான் கொண்டுபோகிறது, திரும்பும்போது காலியாக வருகிறது என்று மோசமாகவே வைத்துக்கொண்டாலும் கிலோவுக்கு 0.6 யூனிட். பாட்டிலை நசுக்கி மூடி போட்டுக் கொடுத்தால் இன்னும் குறையும். கண்ணுக்குத் தெரிகிற செலவு லாரி என்பதால் அது பெரிதாகத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு எங்கோ ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் முடிந்துபோய்விடுகிறது.

அதேசமயம் மறுசுழற்சியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. மேலே சொன்னது, நல்ல சரக்கு உள்ளே போனால் வரும் கணக்கு. மீன் தண்ணீரும் சோறும் ஒட்டிய கவர் வந்தால் பாதி கழிந்துபோகும். பெட்டோடு ஒரு துண்டு பி.வி.சி. சேர்ந்து மூழ்கி, உருளைக்குள் போய்விட்டால், பெட் உருகும் சூட்டில் அது அமிலமாகப் பிரிந்து மொத்தச் சரக்கையும் மஞ்சளடித்துக் கெடுக்கும். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பிளாஸ்டிக்கின் வலு குறைகிறது. பாட்டில் பெரும்பாலும் பாட்டிலாகத் திரும்புவதில்லை, பாலியெஸ்டர் நாராகிறது. கலர் கவர்கள் கறுப்புக் குழாயாகவும் குப்பைப் பையாகவும் கயிறாகவும் ஆகின்றன. அதற்கு அடுத்த சுற்று கிடைப்பது அரிது. 1950 முதல் 2015 வரை உலகம் ஏறக்குறைய 830 கோடி டன் பிளாஸ்டிக் செய்தது என்றும், கழிவானதில் 9 சதவீதம் மட்டுமே மறுசுழற்சிக்குப் போனது என்றும் 2017-ல் வந்த ஆய்வு சொல்கிறது. 12 சதவீதம் எரிக்கப்பட்டது. 79 சதவீதம் குப்பைமேட்டிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. எரிசக்திக் கணக்கில் மறுசுழற்சி லாபம். ஆனால் அந்த லாபத்தைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டில் பிரிக்கிற, உலர்த்துகிற அந்த முதல் பத்து நிமிடம்.

ஒரு எச்சரிக்கை, வண்டியைப் பற்றி. இருசக்கர வாகனம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.2 யூனிட் பெட்ரோல் எரிக்கும். ஆக்கர் கடைக்கு என்றே தனியாகப் பத்துக் கிலோமீட்டர் போய்வந்தால் இரண்டு யூனிட். மறுசுழற்சியில் கிலோவுக்கு மிச்சமாவது பதினைந்து பதினேழு யூனிட் என்பதால், கையில் நூற்றிருபத்தைந்து கிராம்கூட இல்லையென்றால் அந்தப் பயணமே வீண். ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். குலசேகரம் சந்தைக்கோ மார்த்தாண்டத்துக்கோ வேறு வேலையாகப் போகும்போது கொண்டுபோங்கள். அல்லது ஆக்கர் எடுக்க வீதியில் வருபவருக்கே கொடுங்கள். அவர் ஒரே சுற்றில் ஐம்பது வீட்டுச் சரக்கை எடுப்பதால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அவர் செய்கிற வேலைக்கு ஊரில் மதிப்பு போதாது என்பது என் நெடுநாள் ஆதங்கம். மறுசுழற்சி என்று நாம் பெருமையாகச் சொல்லும் எதுவும் அவரும், மூட்டை பிரிக்கும் அந்தப் பெண்களும் இல்லாமல் நடக்காது.

‘பேசாமல் குப்பையில் போடு’ என்பதில் உள்ள பிழை இதுதான்: குப்பையில் போட்டாலும் வண்டி வரத்தான் செய்யும். டீசல் எரியத்தான் செய்யும். திரும்ப ஒன்றும் கிடைக்காது என்பது ஒன்றே வித்தியாசம். குப்பைக்குக்கூடப் போகாமல் ஓடையில் விழுந்தால் செலவு இன்னும் கூடும். மழைக்கு முன் கால்வாயில் அடைத்த கவரை வாரும் ஜே.சி.பி. மணிக்கு ஐந்து லிட்டர் டீசல் குடித்தால் அது ஐம்பது யூனிட். இரண்டு கிலோவுக்கு மேல் புதுப் பிளாஸ்டிக் செய்கிற எரிசக்தி, ஒரு மணி நேரத்தில், மண்ணையும் கவரையும் கரையில் வாரிப் போடுவதற்கே போய்விடும். அடுத்த மழையில் அது மறுபடி பழையாற்றிலோ கோதையாற்றிலோ இறங்கும்.

இனி அந்த அடுப்பு. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

பிளாஸ்டிக்கை எரித்தால் கிடைப்பது அதன் உடம்பில் இருக்கும் 12 யூனிட் மட்டும். திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்குதான் பானைத் தண்ணீருக்குப் போய்ச் சேரும். மீதி காற்றில் போகும். அப்படியென்றால் 22 யூனிட் செலவில் உண்டான ஒரு கிலோவிலிருந்து ஒரு யூனிட்டோ சற்று அதிகமோ வெந்நீராகக் கிடைக்கிறது. அந்த வெந்நீருக்குச் சிரட்டையும் கொதும்பும் காய்ந்த ஓலையும் ரப்பர் விறகும் உங்கள் விளையிலேயே கிடக்கிறதே!

எரிசக்தி போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம், புகையை விடமுடியாது. அடுப்புச் சூடு பிளாஸ்டிக்கை முழுதாக எரிக்கப் போதாது. பாதி வெந்த கரியும், புற்றுநோய் உண்டாக்கும் கூட்டுப்பொருட்களும் புகையில் ஏறும். அதில் பி.வி.சி. குழாய்த் துண்டோ ரெக்சின் துணியோ வயர் உறையோ பிளெக்ஸ் பேனரோ கலந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் டையாக்சினும் உண்டாகும். டையாக்சின் எளிதில் சிதையாது. சாம்பலோடு மண்ணில் படியும். முற்றத்தில் மேயும் கோழி கொத்தும். முட்டையின் கொழுப்பில் சேரும். பசுவின் பாலுக்கும் அதே வழி. அடுப்பின் முன் குனிந்து ஊதுகிறவர் உங்கள் மாமியார். அந்தச் சாம்பலைத் தென்னைமூட்டில் போடுகிறவர்களும் உங்கள் வீட்டார்தான். நாகர்கோவில் வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். ஊருக்கு அது எப்படியோ, ஒரு வீட்டுக்கு முற்றத்து அடுப்பு அப்படி. தீ மூட்டுவதற்கு என்று ஒரு துண்டுக் கவர்கூட வேண்டாம்.

அப்படியானால் கழுவவும் முடியாத, ஆக்கர் கடையிலும் எடுக்காத சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே இவற்றை என்ன செய்வது? இவை பாலித்தீன், பெட், அலுமினியம் என்று பல அடுக்கு ஒட்டிய சரக்கு. பிரித்து உருக்க முடியாது. இவற்றுக்கு உருப்படியான கடைசி இடம் சிமென்ட் ஆலைச் சூளை. அங்கே சுண்ணாம்பு 1,450 டிகிரியில் வேகிறது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் முழுதாக எரியும். எழும் அமிலத்தைச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்ளும். அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். உங்கள் அடுப்பில் கிடைக்காத 12 யூனிட் அங்கே பெரும்பாலும் பயன்பட்டுவிடுகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறைப்படி, 160 டிகிரிக்கு மேல் சூடேறிய ஜல்லியில் கவர்த் துண்டுகளைத் தூவி, மேலே தார் கலந்து சாலை போடுவதும் உண்டு. அதில் பி.வி.சி.யைச் சேர்க்கமாட்டார்கள். எதற்கும் முதல் நிபந்தனை, ஈரக்குப்பையோடு கலக்காமல் உலர்ந்ததாகத் தூய்மைக் காவலர்களிடம் கொடுப்பது.

மகளின் கேள்விக்கு வருகிறேன். ஸ்டீல் பாட்டில் செய்ய எரிசக்தி ஆகும், கட்டாயம் ஆகும். கால் கிலோ எவர்சில்வர் பாட்டிலுக்குச் சுமார் நான்கு யூனிட். ஒரு லிட்டர் பெட் பாட்டில் அரை யூனிட்டுக்கு மேல் என்று பார்த்தோம். ஆகவே ஏழெட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்காமல் தவிர்த்தால் ஸ்டீல் பாட்டிலின் கடன் அடைந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது இரண்டு வார வேலை. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் லாபம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே நாலு பாட்டில் இருக்க, கலர் பிடித்திருக்கிறது என்று ஐந்தாவது வாங்கினால் அது வெறும் கடன். கண்ணாடியும் இப்படித்தான். ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில் அரைக் கிலோ வரை கனக்கும். செய்ய ஒன்றரை இரண்டு யூனிட் ஆகும். மார்த்தாண்டம் தேன் கண்ணாடி பாட்டிலில் வந்தால், தேன் தீர்ந்ததும் அதில் ஊறுகாய் போட்டு வைத்தால்தான் அது பிளாஸ்டிக்கைவிட மேல். ஒருமுறை பயன்படுத்தி எறிந்தால் பிளாஸ்டிக்கைவிட மோசம்.

துணிப்பையிலும் மகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி சூடாதலில் குறைவான பாதிப்பு வரவேண்டுமென்றால் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று கண்டார்கள். அது கனமான பை. நம் மஞ்சப்பை லேசானது, அத்தனை முறை வேண்டியிருக்காது. இருந்தாலும் பருத்தி விளைய, நூற்க, நெய்ய ஆகும் செலவு பெரியது என்பது உண்மை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியபின் விழாவுக்கு விழா பை கொடுக்கிறார்கள். வாங்கி அலமாரியில் அடுக்கினால் பயன் இல்லை. ஒரே பையைக் கிழியும் வரை சந்தைக்குக் கொண்டுபோகவேண்டும். பழைய வேட்டியில் தைத்த பை என்றால் புதிதாக நூலே நூற்கவில்லை, கணக்கு முதல் நாளிலேயே சரி. பனையோலைப் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக்குக்குத் தடை இருக்கிறது. எத்தனை மைக்ரான் கனமாக இருந்தாலும் தடைதான். ஆனால் மீன் சந்தையில் இன்னும் கையில் மாட்டிவிடுகிறார்கள். மீனுக்கு ஒரு மூடி போட்ட டப்பா கொண்டுபோனால் அந்தப் பிசுக்குக் கவரும், அதற்கான வெந்நீரும், அடுப்பும் எதுவும் இருக்காது. மச்சில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளம், அதாவது குடிதண்ணீர், கொதிக்க வைத்துச் சீரகம் போட்டுக் குடிக்கும் பழக்கம் உங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு லிட்டர் கொதிக்க 0.13 யூனிட் காஸ் ஆகிறது. கடையில் வாங்கும் லிட்டருக்குப் பாட்டில் மட்டுமே அதைப்போல் நாலைந்து மடங்கு. வெளியூர் போகும்போதும் அந்த வெள்ளத்தையே ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

கடைசியாக ரெயின் கார்டு, ரப்பர் மரத்தில் மழைக்குக் கட்டும் அந்தப் பிளாஸ்டிக். இதில் எனக்கு நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. ஷீட் நல்ல பாலித்தீன்தான். ஆனால் பட்டையில் ஒட்டுவதற்குத் தார் கலந்த பசை பூசுகிறோம். அந்தத் தாரும் பட்டைத் தூளும் பாசியும் ஒட்டியிருக்கும் சரக்கைக் குருணைப் பட்டறையில் எடுக்கமாட்டார்கள். அதற்காக, கழற்றி மரத்துமூட்டிலேயே போட்டு எரிப்பதும் மண்ணில் விடுவதும் வேண்டாம். கழற்றும்போதே தார் படாத கீழ்ப்பாதியைக் கத்தியால் வெட்டித் தனியாக எடுத்தால், அதை அலசி உலர்த்தி ஆக்கர் கடையில் போடலாம். மொத்த எடையில் பெரும்பகுதி அந்தக் கீழ்ப்பாதிதான். தார் ஒட்டிய மேல் பட்டையை மட்டும் சிமென்ட் ஆலைக்குப் போகும் குப்பையோடு சேர்க்கச் சொல்லிப் பஞ்சாயத்தில் கொடுங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து ஒரே நாளில் கொடுத்தால் அவர்களுக்கு வண்டி வைக்க வசதி. மூட்டையின் மேல் ‘தார் உண்டு’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிரிக்கிற பெண்கள் தெரியாமல் கைவிட்டுச் சிரமப்படவேண்டாம்.